ஆளுக்கு ஒரு பிடி பருப்பு

துவரம்பருப்பை அள்ளி விரல்களை மூடினால், சிந்தியது போக உள்ளே நிற்பது என் கைக்கு 40 கிராம். எங்கள் தெரு மளிகைக் கடைத் தராசில் மூன்று தடவை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். விருதுநகர் மாவட்டத்துக் கிராமங்களில் 31 வருடம் சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் நான். தடுப்பூசிப் பெட்டி, எடை மெஷின், இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் கூடவே வரும். ஆனாலும் வீடு வீடாக நான் அதிகம் பேசியது இந்த ஒரு பிடியைப் பற்றித்தான். ஓய்வு பெற்ற பிறகும் பேச வேண்டிய நிலைமை மாறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஒரு குழம்புச் சட்டியிலிருந்து தொடங்கியது இது. ஏழாம் மாதக் கர்ப்பிணி. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.4 கிராம்தான் இருந்தது. 11-க்குக் குறையவே கூடாது. "மாத்திரை முழுங்குறியா தாயி?" என்றேன். "முழுங்குறேன் நர்சம்மா." "பருப்பு கிருப்பு சாப்பிடுறியா?" "தெனமும் எங்க வீட்ல பருப்புக் கொழம்புதான்." அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. மதியம் இரண்டு மணி இருக்கும். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டாயிற்று, அவள்தான் பாக்கி. அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து, கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கித் தூக்கிப் பார்த்தேன். கறிவேப்பிலை, கத்தரிக்காய்க் காம்பு ஒன்று, மஞ்சள் நிறத்தில் தண்ணீர். கரண்டியின் பின்பக்கத்தில் பருப்பு ஒட்டவே இல்லை.

காலையில் எவ்வளவு பருப்பு போட்டாய் என்று கேட்டேன். கையை மூடிக் காட்டினாள். ஒரு பிடி. வீட்டில் ஆறு பேர். 40 கிராமை ஆறாகப் பங்கு வைத்தால் ஆளுக்கு 7 கிராம்கூடத் தேறாது. அதிலும் மாமனாருக்கும் வீட்டுக்காரருக்கும் கெட்டியாகக் கலக்கி ஊற்றி, பிள்ளைக்குக் காயைப் பொறுக்கி வைத்து, மாமியார் சாப்பிட்டு எழுந்த பிறகு அவள் உட்காருகிறாள். வயிற்றுப் பிள்ளையோடு சேர்த்து இரண்டு உயிருக்கு அந்தச் சட்டியில் இருந்தது புளித்தண்ணீர்.

அன்றிலிருந்து போகிற வீடெல்லாம் சட்டியைப் பார்க்க ஆரம்பித்தேன். சில வீடுகளில் முகம் சுளித்தார்கள். வேறு வழி தெரியவில்லை. "பருப்பு சாப்பிடுகிறீர்களா" என்ற கேள்விக்கு எல்லா வீட்டிலும் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். எத்தனை பிடி, எத்தனை பேருக்கு என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

அரிசி போடும்போது நாம் ஆளை எண்ணுகிறோம். விருந்தாளி ஒருவர் வந்தால் கூடுதலாக அரை ஆழாக்கு போடத் தெரியும். இட்லியை எண்ணுகிறோம், முட்டையை எண்ணுகிறோம். பருப்பை மட்டும் சட்டிக்கு இவ்வளவு என்று போடுகிறோம். நான்கு பேர் வந்தாலும் ஏழு பேர் வந்தாலும் அதே பிடி. கூடுவது தண்ணீர்தான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, பருப்பு, முட்டை, மாமிசம் என்ற வகையில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 85 கிராம் சொல்கிறது. முட்டையும் கறியும் தினமும் வாங்க முடியாத வீட்டில் அந்தக் கணக்கு முழுக்கப் பருப்பின் தலையில்தான் விழும். இரண்டு பிடி. அவ்வளவு உடனே முடியாது என்று எனக்கும் தெரியும். ஒரு பிடியாவது அவரவர் வயிற்றுக்குள் போகட்டும் என்கிறேன். ஒரு பிடியில் சுமார் 9 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம் சொச்சம்தான்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொன்னது. அதற்குப் பருப்பு ஒன்றே மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். குடல்புழு, மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, அடுத்தடுத்துப் பிள்ளைப்பேறு என்று காரணங்கள் பல. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பருப்பைக் குடிக்காதீர்கள். மாத்திரையும் வேண்டும், தட்டில் பருப்பும் வேண்டும்.

குழம்புச் சட்டியைத் திருத்துவது லேசில்லை. அது குடும்பத்தின் நாக்குக்குப் பழகிய பண்டம். புளி, காய், பருப்பு விகிதத்தில் கை வைத்தால் சண்டை வரும். அதனால் குழம்பை அப்படியே விட்டுவிட்டு, சாயங்காலம் தனியாக ஒரு பருப்பு சூப் வையுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். ஆளுக்கு ஒரு பிடி எண்ணிப் போட்டு, ஆளுக்கு ஒரு கிண்ணம் அளந்து ஊற்றிவிடலாம். கடைசியில் குடிக்கிறவளுக்கும் முதலில் குடிக்கிறவருக்கும் ஒரே கெட்டி.

நம் ஊரில் பருப்புத் தண்ணி என்ற பேர் இருக்கும்போது சூப் என்று ஏன் சொல்ல வேண்டும் எனச் சிலர் கேட்டார்கள். அந்தப் பேரைக் கேட்டாலே எனக்கு ஒரு திண்ணை ஞாபகத்துக்கு வரும். ஏழு மாதக் குழந்தை, எடை ஏறவில்லை. "ஆறு மாசத்துலருந்தே பருப்புத் தண்ணி குடுக்குறோம்" என்றார் அம்மாச்சி. எப்படிக் கொடுக்கிறீர்கள், செய்து காட்டுங்கள் என்றேன். பருப்பை வேகவைத்து, மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் இறுத்து, பாலாடையில் ஊற்றினார். அடியில் நின்ற பருப்பு வீட்டுக் குழம்புக்குப் போனது. நான் ஒரு ஸ்பூனில் அந்தத் தெளிவை எடுத்துச் சாய்த்தேன், சொட்டு மிச்சமில்லாமல் ஓடிவிட்டது. அடியில் இருந்த பருப்பைச் சோற்றோடு மசித்து, ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு அதே ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தேன். நின்றது. "ஸ்பூனில் நிற்கிறது மட்டும்தான் பிள்ளை வயிற்றில் நிற்கும் அம்மாச்சி" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எம்புள்ளைக அஞ்சுக்கும் தண்ணியத்தான குடுத்தேன்" என்றார். அவர் முகத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. தண்ணி என்ற சொல்லை நான் விட்டது அன்றைக்குத்தான்.

எனக்குப் பருப்பின் மேல் இவ்வளவு பிடிமானம் வரக் காரணம் அப்பா. விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் மூட்டை தூக்கினார். பருப்பு, மல்லி, வத்தல், எண்ணெய் என்று விலை நிர்ணயிக்கிற ஊர் இது. இந்த ஊர்ச் சந்தை நிலவரம் பத்திரிகைகளில் தனியாக அச்சாகும். களத்தில் எண்ணெய் தடவிய துவரையை வெயிலில் பரப்பிக் காயவைப்பார்கள். பிறகு மெஷினில் விட்டு உடைப்பார்கள். தொலி தனியாகப் பிரிந்து மாட்டுக்குப் போகும். முழுப் பருப்பு மூட்டை கட்டி லாரியில் ஏறும். உடைந்து நொறுங்கியது குருணை என்று ஓரத்தில் ஒதுங்கும். அப்பா சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம் வரைக்கும் மஞ்சள் தூசி படிந்திருக்கும். அந்தக் குருணையைத்தான் அம்மா படிக்கணக்கில் மலிவாக வாங்குவார். புடைத்து, தூசி போக்கி, நிறம் மாறும்வரை சட்டியில் லேசாக வறுத்து வைத்துக்கொள்வார். உடைந்த பருப்பு சீக்கிரம் வேகும், சாம்பாரில் போட்டால் உருவம் தெரியாது. அதனால் அம்மா அதைச் சாம்பாருக்கு எடுக்கவே மாட்டார். பூண்டும் சீரகமும் தட்டிப்போட்டு, கொல்லை முருங்கையை உருவிப் போட்டு, கெட்டியாக ஒரு சாறு காய்ச்சுவார். நாங்கள் ஐந்து பேர், ஐந்து பிடி. அப்பாவுக்கு ஆறாவது பிடியும் உண்டு, மூட்டை தூக்குகிற உடம்பு என்று. தனக்குப் போட்ட பிடியை அம்மா ஒருநாளும் குறைத்துக்கொண்டதில்லை. இந்த வயதில் யோசிக்கும்போது அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

ரேஷன் பருப்புக்கு வருகிறேன். அரிசி கார்டுக்கு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய். 2007-இல் தொடங்கிய சிறப்புப் பொதுவிநியோகத் திட்டம் இது. இந்த விலைக்குப் பருப்பு கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது கடையில் கிலோ 130 ரூபாய் கொடுத்து வாங்குகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோவில் 25 பிடி. நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு பிடி போட்டால் ஆறு நாள். அரிசியைத் தலைக்கணக்கில் கொடுக்கிறோம், சர்க்கரையைத் தலைக்கணக்கில் கொடுக்கிறோம். பருப்பு மட்டும் இரண்டு பேர் வீட்டுக்கும் ஏழு பேர் வீட்டுக்கும் ஒரே கிலோ. நம் அடுப்படியில் நடக்கிற அதே தவறுதான் இங்கேயும் நடக்கிறது. சத்துணவுக் கூடத்தில் பிள்ளைக்கு இத்தனை கிராம் பருப்பு என்று தலைக்கணக்கில் அளந்து போடத் தெரிந்த அரசுக்கு இது முடியாத காரியமில்லை.

எல்லாக் கார்டுக்கும் உடனே கூட்டிக் கொடுக்கப் பணம் வேண்டும், அது சின்னத் தொகை இல்லை. அதனால் கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் உள்ள கார்டுகளிலிருந்து தொடங்கலாம். கர்ப்பிணிகள் எல்லோரும் பிக்மி என்ற அரசுப் பதிவேட்டில் பதிவு செய்யப்படுகிறார்கள், யார் எந்த ஊர் என்ற விவரம் கையில் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் கொடுக்கிற ஊட்டச்சத்துப் பெட்டகத்தை நானே எத்தனையோ பெண்களின் கையில் கொடுத்திருக்கிறேன். பேரீச்சம்பழமும் நெய்யும் இரும்புச்சத்து டானிக்கும் இருக்கும். அதோடு இரண்டு கிலோ பருப்பும், ஆளுக்கு ஒரு பிடி என்ற ஒரு வரியும் சேரட்டும்.

ரேஷனில் சில மாதம் துவரைக்குப் பதில் கனடா மஞ்சள் பருப்பு போடுவார்கள். சாம்பாரில் கரைந்துபோகிறது, ருசி இல்லை என்று அதை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து விற்காதீர்கள். மைசூர் பருப்பின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. துவரையைவிடச் சீக்கிரம் வெந்து குழையும். சாம்பாருக்கு அது குறை, சூப்புக்கு அதைவிட நல்ல பருப்பு கிடையாது.

நான்கு பேருக்கு வைக்கிற முறையைச் சொல்கிறேன்.

நான்கு பிடி பருப்பு, ஏறக்குறைய ஒரு தம்ளர். இரண்டு பிடி துவரை, இரண்டு பிடி மைசூர் பருப்பு என்று கலந்தால் எனக்குப் பிடிக்கும். எது இருக்கிறதோ அது போதும், பாசிப்பருப்பும் ஆகும். மூன்று தண்ணீர் கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பருப்பு வாயு என்று பயப்படுகிறவர்களுக்கு முதல் வைத்தியம் இதுதான். பூண்டும் பெருங்காயமும் அதற்குப் பிறகுதான். பழக்கமில்லாத வயிறு என்றால் முதல் வாரம் அரைப் பிடியில் தொடங்கலாம். சிறுநீரக நோய்க்குப் பத்தியத்தில் இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

குக்கரில் ஊறிய பருப்பு, மூன்று தம்ளர் குடிதண்ணீர், எட்டுப் பல் பூண்டு, கால் ஸ்பூன் மஞ்சள்தூள், ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். குடிதண்ணீர் என்று அழுத்திச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீரில் பருப்பு ஒரு மணி நேரம் கொதித்தாலும் முழித்துக்கொண்டு நிற்கும். அந்தத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச்சத்து பருப்பை வேகவிடாமல் இறுக்கிவிடுகிறது. வேகவில்லை என்று சோடா உப்பு போடுகிறவர்கள் உண்டு. பருப்பு குழைந்துவிடும், பி வைட்டமின் ஒன்று அதோடு அழிந்துபோகும். தண்ணீரை மாற்றுங்கள், சோடா வேண்டாம். புளிப்பும் அப்படித்தான். தக்காளியைப் பருப்போடு சேர்த்து வேகவைக்காதீர்கள், பருப்பு வெந்த பிறகுதான் அதற்கு வேலை. எண்ணெய் விடுவது நுரை பொங்கி விசில் குழாயை அடைக்காமல் இருக்க. குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பவும் கூடாது. ஐந்து விசில், பிறகு ஆவி தானாக அடங்கட்டும்.

அதற்குள் இன்னொரு சட்டியில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் காயவைத்து, சீரகம் பொரிந்ததும் பத்துச் சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போடுங்கள். வெங்காயத்தை அவசரப்படுத்த வேண்டாம். ஓரம் சிவந்து, வாசனை வாசலுக்குப் போகும்வரை வதங்கட்டும். சூப்பின் ருசியில் பாதி இங்கேதான் இருக்கிறது. இரண்டு தக்காளி, அவை கரைந்ததும் மத்தால் கடைந்த பருப்பு, மூன்று தம்ளர் கொதிக்கும் தண்ணீர், உப்பு. ஒரு கேரட்டோ சுரைக்காய்த் துண்டோ இருந்தால் தக்காளியோடு போடலாம், இல்லாவிட்டால் குறை ஒன்றுமில்லை. பத்து நிமிடம் சிறு தீயில் கொதித்தால் பருப்பும் தண்ணீரும் தனித்தனியாக நிற்காமல் ஒன்றாகிவிடும். கரண்டியைத் தூக்கிப் பின்பக்கத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு மூடாமல் நின்றால் பதம் சரி.

கடைசியில் இரண்டு கை முருங்கைக்கீரை. மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம், கசக்கும். ஒரு ஸ்பூன் மிளகைத் தட்டிப் போட்டு அடுப்பை அணைத்து, அதன் பிறகு அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அந்தப் புளிப்பில் இருக்கிற வைட்டமின் சி உதவும். கொதிக்கும்போது பிழிந்தால் அந்த வைட்டமின் சூட்டில் கொஞ்சம் கெட்டுப்போகும். குடித்த உடனே டீயோ காப்பியோ கூடாது, ஒரு மணி நேரமாவது போகட்டும். டீத்தண்ணி இரும்பை உடம்பில் சேரவிடாது.

மைசூர் பருப்பைக் கடை விலைக்கு வாங்கி, எண்ணெய், காய், எலுமிச்சை எல்லாம் சேர்த்து எனக்குப் போன வாரம் ஆன செலவு 42 ரூபாய், நான்கு பெரிய கிண்ணத்துக்கு. முருங்கை கொல்லையில் இருக்கிறது. பருப்பு ரேஷனில் வாங்கியது என்றால் 32 ரூபாய்க்குள் முடியும். என் பேரன் ஆசைப்பட்டான் என்று ஒரு சூப் பாக்கெட் வாங்கிப் பின்பக்கம் படித்தேன். முதலில் மக்காச்சோள மாவு, அப்புறம் சர்க்கரை, உப்பு. பருப்பு என்ற சொல்லே இல்லை. கொதிநீரில் கலக்கினால் கெட்டியாக வருகிறது, அந்தக் கெட்டி மாவின் கெட்டி. பிள்ளைக்குப் பசி அடங்கியது போலத் தோன்றும், ஒரு மணி நேரத்தில் திரும்பவும் பிஸ்கட் டப்பாவைத் தேடும்.

வீட்டில் சமைக்கிறவர் யாராக இருந்தாலும் ஒரு வேலை செய்யுங்கள். பருப்புப் போடும்போது வீட்டாரை அடுப்படிக்குக் கூப்பிட்டு, அவரவர் பங்கை அவரவர் கையால் போடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பேரன் போடுவது சின்னப் பிடி, மருமகன் போடுவது பெரிய பிடி. மகள் தன் பிடியைப் போட மறந்தால் பேரன் எண்ணிவிட்டு, "அம்மா, உன்னோடது எங்க?" என்று கேட்கிறான். அவனுக்கு வயது ஆறு.

மீந்தால் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் அன்று ராத்திரியே முடித்துவிடுவது நல்லது. காலையில் எடுத்துப் பார்த்தால் களி மாதிரி இறுகியிருக்கும். கோதுமை மாவில் அதை ஊற்றிப் பிசைந்தால் தண்ணீர் விடத் தேவையிருக்காது. சப்பாத்தி மெத்தென்று வரும், தொட்டுக்கொள்ள ஊறுகாய் போதும்.